பாஸ்போர்ட்டுக்கு வைத்த மஞ்சள்

கன்னியம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் மஞ்சள் வைத்தாக வேண்டும். தறியில் புதுப் பாவு ஏற்றினால் மஞ்சள், புது செல்போனுக்கு மஞ்சள், ரேஷன் கார்டுக்கு மஞ்சள், கல்யாணப் பத்திரிகைக்கு நாலு மூலையும் மஞ்சள். கேஸ் சிலிண்டர் மாற்றும் நாளில்கூட அதன் தலையில் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள். அவள் ஊரான சேவூரில் இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. வைக்காமல் விட்டால்தான் ஏன் என்று கேட்பார்கள். அதனால் அவளை எடுத்த எடுப்பில் திட்டிவிட வேண்டாம். திட்ட வேண்டிய இடம் பின்னால் வருகிறது.

அவளுக்கு ஒரே மகள் சுபத்ரா, வயது இருபத்தைந்து. ஆரணி டவுனில் சேலை டிசைன் போடும் கம்ப்யூட்டர் கடையில் ஐந்து வருஷமாக வேலை. மாங்காய், மயில், கோபுரம் என்று எது கேட்டாலும் திரையில் கட்டம் கட்டமாக அடைத்துக் கொடுப்பாள். அப்படிப்பட்டவளுக்குப் பொழுது சாய்ந்தால் வாசற்படி தெரியாமல் போனது. பிறகு பஸ் படிக்கட்டில் முட்டிக்கொண்டாள், பக்கவாட்டில் வந்த சைக்கிள் தெரியாமல் விழுந்தாள். வேலூரில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, பார்வை ஓரத்திலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டே வரும், இதற்கு மருந்து கிடையாது என்றார். இன்னும் ஒன்றரை வருஷம் போல ஓடும், பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிடம்மா என்று இரக்கப்பட்டும் சொன்னார்.

கன்னியம்மா அதைக் கேட்டுத் திருப்பதி, ராமேஸ்வரம் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சுபத்ரா ஜப்பானுக்குப் போகிறேன் என்றாள்.

ஜப்பானில் ஒரு சின்ன மலை ஊர். அங்கே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் அக்கா தங்கை இரண்டு பேரைப் பற்றிய அனிமே கார்ட்டூன் தொடர் ஒன்றைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை இல்லை, பூதம் இல்லை, பாதி நேரம் யாராவது படி ஏறிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் அதில் வரும் பாலமும் படிக்கட்டும் ரயில்வே கேட்டும் நிஜமாக இருப்பவை. வரைந்தவர்கள் அந்த ஊருக்குப் போய்ப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். ரசிகர்கள் எங்கெங்கிருந்தோ வந்து, படத்தில் காட்டிய அதே இடத்தில் அதே கோணத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்களாம்.

"பொம்மப் படத்துல வர்ற ஊருக்காடி போவாங்க?" என்று கன்னியம்மா சிரித்தாள்.

"பொம்மதாம்மா. ஊரு நெஜம்."

அதற்கப்புறம் சுபத்ரா போட்ட திட்டம் இருக்கிறதே, கல்யாணத்துக்குக்கூட யாரும் அப்படிப் போடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைச் சாவியை வாங்கிக்கொண்டு போய், தொடரிலிருந்து எடுத்த படத்தை ஒரு பக்கமும் இன்டர்நெட் மேப்பில் கிடைத்த தெருவின் போட்டோவை ஒரு பக்கமும் வைப்பாள். கரன்ட் கம்பம், ஜன்னல், சாக்கடை மூடி என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, இரண்டும் ஒரே இடம் என்று முடிவானதும் சேலை டிசைன் வரையும் கிராப் பேப்பரில் குறித்துக்கொள்வாள். எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எத்தனை மணி வெயிலில் பார்க்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. மொத்தம் பதினோரு இடங்கள். அந்தத் தாளைத் தறிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினாள். கூடப் படித்த ஜெயப்ரியாவும் அதே தொடருக்குப் பைத்தியம். அவளும் கூட வருவதாக ஏற்பாடு.

மாலையானால் சுபத்ராவுக்குக் கண் மங்கிப்போகும். அப்போது இரண்டு படத்தையும் பிரிண்ட் எடுத்து வந்து அம்மாவிடம் கொடுப்பாள். பாவில் ஆயிரம் இழைக்கு நடுவே ஒன்று அறுந்தாலும் கன்னியம்மாவின் கண் அதில் போய் நிற்கும். ஒருநாள் அவள் ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டுப் படங்களைப் பார்த்தாள்.

"இது அந்தப் படிக்கட்டு இல்லடி. இதுல கொழாய் இந்தாண்ட கீது, அதுல அந்தாண்ட கீது."

சுபத்ரா கடையில் போய் மறுபடி தேடினாள். அம்மா சொன்னதுதான் சரி. நிஜமான படிக்கட்டு இரண்டு தெரு தள்ளி இருந்தது, தொண்ணூற்றாறு படி.

"நீ இல்லன்னா தப்பான படிக்கட்டுல போயி நின்னுகினு இருந்திருப்பேம்மா," என்று தாயின் தோளைப் பிடித்து உலுக்கினாள். கன்னியம்மாவுக்கு வேறென்ன வேண்டும்? சென்னையைத் தாண்டாதவள், அந்த மலை ஊரின் பதினோரு இடத்தையும் தறியில் உட்கார்ந்தபடியே மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊர் முழுக்க ஸ்பீக்கரில் ஒரு பாட்டு போடுவார்கள் என்பது வரைக்கும் தெரியும்.

கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை பாஸ்போர்ட் தபாலில் வந்தது. அன்றைக்கே ஜெயப்ரியா வந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனாள். டிக்கெட்டுக்கும் ரூமுக்கும் அந்த ஜெராக்ஸே போதும் என்பதால், அசல் பாஸ்போர்ட் நேராக பீரோவுக்குள் போயிற்று.

வெள்ளிக்கிழமை வீட்டில் யாரும் இல்லாதபோது கன்னியம்மா அதை எடுத்தாள். படவேட்டு ரேணுகாம்பாள் படத்துக்கு முன்னால் விரித்து வைத்தாள். மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, மகள் போட்டோ இருந்த பக்கத்தில் நாலு மூலையும் வைத்து, நடுவில் குங்குமம் இட்டாள். தாயே, என் பொண்ணு கண்ணு அந்த ஊரைப் பாக்குற வரைக்குமாவது நெலைக்கணும் என்று கும்பிட்டாள். கற்பூரம் காட்டும்போது விளக்கிலிருந்து ஒரு சொட்டு எண்ணெயும் அதன் மேல் விழுந்தது.

கும்பிட்டு முடித்த பிறகுதான் பார்த்தாள். மஞ்சள் தண்ணீர் வழிந்து பக்கத்துத் தாளில் ஊறிக்கொண்டிருந்தது. முந்தானையை நனைத்துத் துடைத்தாள். போகவில்லை. கொஞ்சம் அழுத்தித் தேய்த்ததில், போட்டோவுக்கு மேலிருந்த மெல்லிய பிளாஸ்டிக் ஒரு மூலையில் எழும்பியது. எழும்பிய சந்துக்குள் மஞ்சளும் குங்குமமும் சேர்ந்து புகுந்துகொண்டன. கீழ்வரிசை எழுத்துகளின் மேல் செம்மஞ்சளாக ஒரு திட்டு. அவள் விசிறியால் விசிறி உலர்த்தி, முடித்து வைத்திருந்த இரண்டு சேலைக்கு நடுவே வைத்து, மேலே அரிசி டின்னை ஏற்றினாள். மறுநாள் எடுத்துப் பார்த்தபோது தாள் நெளிந்து, மூலை எழும்பியபடியே இருந்தது.

சாயங்காலம் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாள். சுபத்ரா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"ம்மா, டிக்கெட் போட்டாச்சு! ஏப்ரல் மொத வாரம். மொத எபிசோட்ல பூ கொட்டும் பாரு, கரெக்டா அந்த டைம்."

டாக்டர் சொன்ன நாளிலிருந்து அந்தப் பெண் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். நாளைக்கும் அப்படியே போயிற்று. அப்புறம் மார்கழி வந்தது, நல்ல காரியம் எதையும் பேச வேண்டாம் என்று ஒரு சாக்கு கிடைத்தது. எவ்வளவோ பெரிய ஆபீஸ், ஒரு துளி மஞ்சளுக்கா திருப்பி அனுப்பப் போகிறான் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

திட்ட வேண்டிய இடம் இதுதான். மஞ்சள் வைத்தது அறியாமல் செய்தது, அதைச் சாமியே மன்னிக்கும். ஆனால் தெரிந்த பிறகு ஐம்பது நாளுக்கு மேல் இருந்தது. அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் வேறு பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டு, ஏப்ரலுக்குள் கையில் வாங்கியிருக்கலாம். ஜெயப்ரியாவின் சித்தப்பா ஒருத்தர் அப்படி அவசரத்தில் வாங்கினவர்தான். சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்தாள்.

தை மாதக் கடைசியில் விசாவுக்கு எழுதிக் கொடுக்கச் சென்னைக்குப் போக நாள் குறித்தார்கள். விடியற்காலை பஸ். துணைக்கு வரும் அம்மாவோடு சுபத்ரா புறப்பட்டு நின்றாள். வீட்டில் ஒரே ஒரு பல்பு, அந்த வெளிச்சத்தில் அவளுக்கு எழுத்து எதுவும் தெரியாது. பீரோவிலிருந்து அம்மா எடுத்துக் கொடுத்த பாஸ்போர்ட்டை வாங்கி, போட்டோ பக்கத்தைத் திறந்து, அவள் பக்கமே நீட்டினாள்.

"எல்லாம் சரியா கீதாம்மா? ஒருதரம் பாரு."

கன்னியம்மா பார்த்தாள். செம்மஞ்சள் திட்டு அப்படியே இருந்தது.

"சரியாத்தான் கீது," என்றாள்.

சுபத்ரா அதை வாங்கிக் கவரில் போட்டுக்கொண்டாள். வாசல் இருட்டில் தடுக்காமல் இருக்க அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

சென்னையில் விண்ணப்பம் வாங்கும் இடத்தில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஜெயப்ரியாவின் தாள்களைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டார்கள். அடுத்து சுபத்ரா. கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பிரித்ததும் நிமிர்ந்து பார்த்தாள். மூலையை நகத்தால் தொட்டாள். எழுந்து உள்ளே போய் யாரிடமோ காட்டிவிட்டு வந்தாள்.

"மேடம், இது டேமேஜ் ஆயிருக்கு. போட்டோ பேஜ்ல லேமினேஷன் பிரிஞ்சிருக்கு, நம்பர் மேல கறை இருக்கு. இத வச்சு வாங்க முடியாதுங்க. புதுசா பாஸ்போர்ட் எடுத்துட்டு வாங்க."

"டேமேஜா?" என்றாள் சுபத்ரா. "பாஸ்போர்ட்ட நான் தொடவே இல்லியே." கையை நீட்டி அதைத் திரும்ப வாங்கினாள். முகத்தருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். கன்னியம்மா தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுபத்ரா மெதுவாக அதை மூடினாள்.

"என் தப்புதாங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. எங்கியாவது ஈரத்துல வெச்சிருப்பேன்."

கவுன்டர் பெண் ஐயோ பாவம் என்று பார்த்தாள். நான்தாங்க, நான்தாங்க வெச்சேன் என்று கன்னியம்மாவுக்குள் ஒரு குரல் கத்தியது. வாய் திறக்கவில்லை. ஆரணி வரைக்கும் பஸ்ஸில் தாயும் மகளும் ஒட்டி உட்கார்ந்து வந்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்த சுபத்ரா வெளியே பார்க்கவில்லை. இரண்டு தடவை அம்மா பக்கம் திரும்பினாள். கன்னியம்மா தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள்.

ரைஸ்மில்லில் மூட்டை தூக்கிவிட்டு வந்த அவள் புருஷன் துரைக்கண்ணு விஷயம் கேட்டுக் கொதித்துப்போனான். ஐந்து வருஷம் சேர்த்ததெல்லாம் போச்சா என்று குதித்தான்.

"ஒரு புஸ்தகத்த ஒழுங்கா வெச்சிக்கத் தெரியல, பேஜாரு! கண்ணு தெரியாதவளுக்கு ஜப்பான் இன்னா ஜப்பான்?"

சுபத்ரா தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "என் தப்புதாம்பா," என்று மறுபடியும் சொன்னாள். சொல்லும்போது முகத்தை அடுப்படிப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். அடுப்படியில் கன்னியம்மா கொதிக்காத குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கண்ணீர் குழம்பில் விழுந்தது. அப்போதும் சொல்லவில்லை. பெற்ற பெண் தன் பழியைத் தூக்கிச் சுமப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு தாயால் முடியுமா என்று கேட்கலாம். முடிந்தது.

கெட்டுப்போன பாஸ்போர்ட்டுக்குப் பதில் வாங்க, எப்படிக் கெட்டது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். என் கவனக்குறைவால் என்று எழுதி சுபத்ரா கையெழுத்துப் போட்டாள். போலீஸ் விசாரணை, ஒரு தாள் குறைகிறது என்று மறுபடி ஒரு நடை, அப்படியே மாதங்கள் ஓடின. டாக்டர் சொன்ன ஒன்றரை வருஷமும் பொய்த்தது. மாசியில் அவளுக்குத் திரையில் கட்டம் தெரியவில்லை, வேலையை விட்டாள். பங்குனியில் ஜெயப்ரியா, நீ இல்லாம நான் மட்டும் போகமாட்டேன் என்று அழுதாள். சுபத்ராதான் அதட்டி அனுப்பி வைத்தாள். சுவரிலிருந்த கிராப் பேப்பரை உரித்து அவளிடமே கொடுத்தாள். அவள் பதினோரு இடத்திலும் நின்று வீடியோ எடுத்து அனுப்பினாள். சுபத்ரா செல்போனை மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, ஒரு ரூபாய் காசளவு மிச்சமிருந்த பார்வையில் படத்தைத் துண்டு துண்டாகப் பார்த்தாள். பூ கொட்டும் இடம் வந்தபோது வெள்ளையா ஏதோ தெரியுது என்றாள். ஆனி முடிவதற்குள் அந்தக் காசும் மறைந்தது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிந்தது.

ஆடி மாதம் மத்தியானம், மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர் காதைப் பிளந்துகொண்டிருந்த நேரத்தில், புது பாஸ்போர்ட் வந்தது. கன்னியம்மா ஓடிப்போய் வாங்கிவந்து மகள் கையில் வைத்தாள். மஞ்சள் கிண்ணத்தின் பக்கம் திரும்பவில்லை. அந்த மாசி மாதத்திலிருந்தே அவள் எதற்கும் மஞ்சள் வைப்பதில்லை. புதுப் பாவு இரண்டு தடவை வெறுமனே ஏறியிருந்தது.

சுபத்ரா கவரைக் கிழித்து, அட்டையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"போறேம்மா," என்றாள்.

"எங்கடி?"

"அதே ஊருக்குத்தான். பதினொண்ணுல ஏழ கழிச்சிட்டேன், அதெல்லாம் கண்ணு இருந்தாதான். நாலு கீது. ரயில்வே கேட்டுல மணி அடிக்கும். பாலத்துக்குக் கீழ தண்ணி ஓடுற சத்தம் கேக்கும். அஞ்சு மணிக்கு ஸ்பீக்கர்ல பாட்டு. அப்புறம் அந்தப் படிக்கட்டு. தொண்ணூத்தாறையும் கால்ல எண்ணிகினே ஏறிடுவேன்."

கன்னியம்மா மகள் முன்னால் உட்கார்ந்தாள்.

"நான் வரேன்டி உன்கூட. எனக்கும் ஒரு பாஸ்போர்ட் போடு. நீ கேக்குறத கேளு. இன்னா இன்னா கீதுன்னு நான் ஒண்ணு விடாம பாத்து பாத்து சொல்லிகினே வரேன். அந்தக் கொழாய் எந்தப் பக்கம் கீதுன்னு கண்டுபுடிச்சது யாரு? நான்தானே?"

சுபத்ரா பாஸ்போர்ட்டை எடுத்து முகத்தருகே வைத்து முகர்ந்தாள்.

"இதுல வாசன இல்ல," என்றாள். "அதுல இருந்திச்சி. மஞ்சளும் கற்பூரமும். கவுன்டர்லியே மோந்துட்டேம்மா."

ஸ்பீக்கரில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்தது.

"மஞ்ச வெச்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல. நீ வெக்காம இருந்தாதான் அதிசயம். நீயா சொல்லுவன்னு பாத்தேன். பஸ்ஸுல வரும்போது காத்துகினு இருந்தேன். அப்பா திட்டும்போது காத்துகினு இருந்தேன். என் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேனே, அப்பவாவது பேனாவப் புடுங்குவன்னு நெனச்சேன். விடியக்காலைல உன் மூஞ்சிக்கு நேரா காட்டி, சரியா கீதான்னு கேட்டேனேம்மா. எனக்குத் தெரியலன்னுதானே உன்ன கேட்டேன்?"

கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "பயந்துட்டேன்டி. நீ சிரிச்சிகினு வந்த. தப்புதான்டி. நான் பாவி," என்று மகளின் காலைப் பிடித்தாள். சுபத்ரா காலை இழுத்துக்கொள்ளவில்லை. குனிந்து தொடவும் இல்லை.

"ஜெயப்ரியா வருவாம்மா என்கூட. அவளுக்கு லீவு கெடைக்கலன்னா வேற யாராவது பாத்துக்கறேன். பக்கத்துல நிக்கறவங்க இன்னா கீதோ அத சொல்லணும். நீ சொன்னா, நான் சந்தோசப்படணும்னு சொல்றியான்னு எனக்குத் தெரியாது."

சுவரில் கிராப் பேப்பர் ஒட்டியிருந்த இடம் மட்டும் சுண்ணாம்பு வெளுப்பாக இருந்தது. கன்னியம்மா வெகுநேரம் அழுதாள். அழுது ஓய்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது, ஏதாவது ஒன்று செய்ய வேண்டும் போல இருந்தது. கையை நீட்டினாள்.

"குடு. பேரு, தேதியெல்லாம் சரியா போட்டிருக்கானான்னாவது பாக்கறேன்."

"வேணாம்மா. ஜெயப்ரியா சாயங்காலம் வருவா. அவ பாத்து சொல்லட்டும்."

அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டாம் என்று சொல்வது போலத்தான் சொன்னாள். ஜெயப்ரியா வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அதுவரை சுபத்ரா பாஸ்போர்ட்டை மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.